கடன் வழக்கு நியூயார்க்கில், மருந்துத் தட்டுப்பாடு மாவட்ட மருத்துவமனையில்

கேள்வி: எங்கள் நாடு மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவிட்டது. கடன் பத்திரம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர், தொகையைக் குறைத்துக் கெடுவைத் தள்ளிப்போடும் மறுசீரமைப்புக்கு ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஒரு நிதியம் மட்டும் முழுத் தொகையும் வேண்டும் என்று நியூயார்க்கில் வழக்குப் போட்டிருக்கிறது. நான் நோயாளர் உரிமைக் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். மாவட்ட மருத்துவமனையில் வாரம் மூன்று முறை செய்துவந்த டயாலிசிஸ் இரண்டாகக் குறைந்துவிட்டது. கேட்டால் "கடன் வழக்கு முடியட்டும்" என்கிறார்கள். இது மனித உரிமை மீறல் ஆகாதா? அந்த நிதியத்தின் மேல் நாங்கள் வழக்குப் போட முடியுமா? கடனே செல்லாது என்று சொல்ல வழி இருக்கிறதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வாரம் மூன்று முறை சுத்திகரிக்க வேண்டிய ரத்தத்தை இரண்டே முறை சுத்திகரித்தால், இடைப்பட்ட நாட்களில் உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறும். கால் வீங்கும், மூச்சு முட்டும், சிலருக்கு இதயமே நின்றுபோகும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதுகிறேன். பதில் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கடன் வழக்கு முடியட்டும்" என்று அவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தவணையை நிறுத்திய அரசு, வழக்கு நடக்கும் காலத்தில் வழக்குப் போட்ட நிதியத்துக்குப் பொதுவாக ஒரு டாலர்கூடக் கொடுப்பதில்லை. அப்படியானால் டயாலிசிஸுக்கான பணம் எங்கே போனது? நோயாளர் அமைப்புகளின் மனுக்கள் அடிக்கடி சறுக்குவது இந்த இடத்தில்தான். "நிதியம் எங்கள் மருந்துப் பணத்தைப் பறித்துக்கொண்டது" என்று எழுதுவார்கள். "எங்களுக்கு இதுவரை ஒரு பைசா வரவில்லை" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் பதில் போடுவார். அத்தோடு மனு படுத்துவிடும். பாதிப்பு உண்மைதான். அது வரும் பாதை வேறு. அந்தப் பாதையைச் சரியாகக் காட்டினால்தான் உங்கள் வாதம் நிற்கும்.

சொல் பற்றியும் ஒன்று. தமிழில் "கடன்காரர்" என்றால் வாங்கியவரையும் குறிக்கும், கொடுத்தவரையும் குறிக்கும். மனுவில் இந்தச் சொல்லைத் தவிர்த்து, "கடன் கொடுத்தவர்", "பத்திரத்தை இப்போது வைத்திருப்பவர்" என்று பிரித்து எழுதுங்கள். இந்த மாதிரி வழக்குகளில் வாதி பல நேரம் அசலில் கடன் கொடுத்தவராகவே இருப்பதில்லை. அரசு தடுமாறிய பிறகு, விலை விழுந்த பத்திரத்தைச் சந்தையில் மலிவாக வாங்கியவராக இருப்பார். கழுகு நிதியம் என்று இவர்களைச் சொல்வது அதனால்தான்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது பாருங்கள். 100 டாலர் முகமதிப்புள்ள பத்திரத்தை 25 டாலருக்கு ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க் மாநிலச் சட்டத்தில், தீர்ப்புக்கு முந்தைய காலத்துக்கான வட்டி ஆண்டுக்கு 9 சதவீதத் தனிவட்டி. எந்தத் தொகைக்கு அந்த வட்டி ஓடும் என்பது பத்திர ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கணக்கு எளிமையாக இருக்கட்டும் என்று முழுத் தொகைக்கும் ஓடுவதாகவே எடுத்துக்கொண்டால், 8 ஆண்டில் 72 டாலர். மொத்தம் 172. போட்ட முதலுக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு. வழக்கு இழுக்க இழுக்க வாதிக்கு லாபம் கூடும். நோயாளிக்கு அந்த எட்டு ஆண்டும் திரும்ப வராது.

கற்பனைக் கணக்காக நினைத்துவிடாதீர்கள். டிராக்டர் முதலான விவசாய இயந்திரங்கள் வாங்க ஜாம்பியாவுக்கு ருமேனியா 1979இல் சுமார் 1.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஜாம்பியாவால் கட்ட முடியவில்லை. வட்டியோடு சுமார் 3 கோடியாக வளர்ந்துவிட்ட அந்தக் கடனை 1999இல் டோனிகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கி, பிறகு லண்டனில் வழக்குப் போட்டு 5.5 கோடி டாலர் கேட்டது. 2007இல் நீதிமன்றம் ஏறத்தாழ 1.55 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. கடன் சுமை மிகுந்த ஏழை நாடு என்று மற்றவர்கள் ஜாம்பியாவின் கடனைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்த நேரம் அது. பெருவில் இதைவிடக் கூர்மையாக நடந்தது. எலியட் நிதியம் 1996இல் சுமார் 1.14 கோடி டாலர் கொடுத்து வாங்கிய கடனுக்கு 2000ஆம் ஆண்டில் 5.6 கோடி டாலருக்கு மேல் பெற்றது. பிரஸ்ஸல்ஸில் உள்ள யூரோகிளியர் என்ற, பத்திரப் பணத்தைப் பட்டுவாடா செய்யும் தீர்வகம் வழியாக பெரு மற்றவர்களுக்குக் கொடுக்கவிருந்த வட்டியை பெல்ஜிய நீதிமன்றம் தடுத்து வைத்ததும், பெரு பணிந்துவிட்டது.

அர்ஜென்டினா வழக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். உங்கள் நாட்டின் வழக்கும் அதன் நிழலில்தான் நடக்கிறது. 2001 இறுதியில் அர்ஜென்டினா தவணையை நிறுத்தியது. 2005, 2010 என இரண்டு சுற்றுகளில் சுமார் 93 சதவீதப் பத்திரங்களின் சொந்தக்காரர்கள் குறைந்த தொகைக்கு ஒத்துக்கொண்டு பத்திரத்தை மாற்றிக்கொண்டார்கள். மிச்சமிருந்தவர்களில் எலியட்டின் கிளையான என்எம்எல் கேப்பிட்டல் முக்கியமானது. பழைய ஒப்பந்தத்தில் "பாரி பாசு" என்று ஒரு விதி இருந்தது. இந்தக் கடன் மற்றக் கடன்களுக்குச் சமமான தரத்தில் நிற்கும் என்பதே அதன் பொருள். பல காலமாக யாரும் பெரிதாகக் கவனிக்காத விதி. வழக்கை விசாரித்த நியூயார்க் நீதிபதி தாமஸ் கிரீசா 2012இல் அதற்குப் புதுக் கூர்மை கொடுத்தார். ஒத்துக்கொண்டவர்களுக்கு வட்டி கொடுப்பதானால், ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அதே வேளையில் முழுப் பாக்கியையும் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். 2014 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது. அந்த மாதமே அர்ஜென்டினா 53.9 கோடி டாலரை பேங்க் ஆஃப் நியூயார்க் மெலனில் செலுத்தியது. பணம் வங்கிக் கணக்கில் கிடக்கிறது. வாங்க வேண்டியவர்கள் கைநீட்டிக் காத்திருக்கிறார்கள். நீதிமன்ற ஆணை இருப்பதால் வங்கியால் பட்டுவாடா செய்ய முடியவில்லை. கொடுக்கப் பணம் வைத்திருந்த நாடு, ஜூலை 30 அன்று மறுபடியும் கடன் தவறிய நாடு ஆனது. 2016இல் நான்கு பெரிய நிதியங்களுக்கு மட்டும் 465 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள்.

இனி உங்கள் டயாலிசிஸ் படுக்கைக்கு வருவோம். அந்த இயந்திரத்துக்கு ஒவ்வொரு முறையும் டயாலிசர் (ரத்தத்தை வடிகட்டும் வடிகட்டி), ரத்தக் குழாய் செட், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), கரைசல் வேண்டும். இறக்குமதியாளர் இவற்றை வாங்க வங்கியில் எல்.சி. (விற்பவருக்குப் பணம் வரும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறக்கிறார். நாடு கடன் தவறிய பிறகு வெளிநாட்டு வங்கி அந்த எல்.சி.யை நம்பாது. முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டு, இன்னொரு வங்கியின் உறுதியும் வேண்டும், கட்டணமும் கூடுதல் என்று சொல்லும். 90 நாள் தவணையில் வாங்கியவர் இப்போது கையில் டாலர் இருந்தால்தான் வாங்க முடியும். டெண்டர் விலை ஏறும், சிலர் டெண்டரே போட மாட்டார்கள். மருத்துவமனைக்கு ஒதுக்கிய உள்நாட்டுப் பணம் அதே அளவில் இருந்தாலும், அதே பணத்துக்கு வரும் டயாலிசர் எண்ணிக்கை குறைந்துவிடும். வழக்கு முடியாதவரை மறுசீரமைப்பு முழுமை பெறுவதில்லை. மறுசீரமைப்பு முடியாதவரை நாட்டின் கடன் தர மதிப்பீடும் சீராவதில்லை. நிதியம் ஒரு பைசா வாங்காமலே வாரம் மூன்று முறை என்பது இரண்டு முறையாகக் குறைவது இந்த வழியில்தான்.

இது தவிர வேறு சில வழிகளும் உண்டு. ஒருவர் முழுத் தொகை வாங்கிவிடுவார் என்ற பயம் வந்தால், தள்ளுபடிக்கு ஒத்துக்கொள்ளவிருந்த மற்றவர்கள் "நாங்கள் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்று பின்வாங்குவார்கள். பேச்சு மாதக்கணக்கில் தள்ளிப்போகும். வெளிநாட்டுக் கணக்குகள் ஜப்தி ஆகும் பயத்தில் அரசு பணத்தைச் சுற்றுவழியில் அனுப்பும். செலவும் கூடும், வெளிப்படைத்தன்மையும் போகும். 2012இல் கானாவின் தேமா துறைமுகத்தில் அர்ஜென்டினாவின் கடற்படைப் பயிற்சிக் கப்பல் லிபர்டாட்டையே நிறுத்தி வைத்தார்கள். கடல் சட்டத்துக்கான சர்வதேச தீர்ப்பாயம் தலையிட்ட பிறகுதான் டிசம்பரில் விட்டார்கள். வக்கீல் கட்டணம் வேறு இருக்கிறது. கடைசியில் சமரசம் ஆகும்போது ஒரே ஆண்டின் பட்ஜெட்டில் பெரிய தொகை விழும். அந்த ஆண்டு வெட்டப்படுவது பெரும்பாலும் மருந்து, பராமரிப்பு போன்ற, எதிர்த்துக் குரல் கொடுக்க ஆளில்லாத தலைப்புகள்தான்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 1966ஆம் ஆண்டின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில் உங்கள் நாடு கையெழுத்திட்டு ஏற்புறுதி செய்திருந்தால், தன்னிடம் உள்ள வளத்தை அதிகபட்சம் பயன்படுத்தி இந்த உரிமைகளைப் படிப்படியாக நிறைவேற்ற வேண்டிய கடமை அரசுக்கு உண்டு. "பணமில்லை" என்று சொல்லிவிட்டால் கடமை தீர்ந்துபோகாது. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 1990இல் வெளியிட்ட 3ஆவது பொதுக் கருத்தின்படி, ஒவ்வோர் உரிமைக்கும் குறைந்தபட்ச அடித்தளம் ஒன்று இருக்கிறது. 2000இல் வந்த 14ஆவது பொதுக் கருத்து அத்தியாவசிய மருந்துகளை அந்த அடித்தளத்தில் சேர்த்தது. ஏற்கெனவே கொடுத்துவந்ததைக் குறைத்தால், அந்தக் குறைப்பு தற்காலிகமானது, அவசியமானது, அளவுக்கு மீறாதது, பாரபட்சமற்றது என்று நிரூபிக்க வேண்டியவர் அரசு. வேறு வழிகளை முதலில் பரிசீலித்ததாகவும் அரசே காட்ட வேண்டும்.

ஆகவே டயாலிசிஸ் குறைந்தது மட்டுமே உரிமை மீறலுக்குச் சாட்சி ஆகிவிடாது. எந்த மாற்று வழியும் பார்க்காமல், நோயாளிகளைக் கலக்காமல், அதே காலத்தில் வேறு செலவுகளைக் கூட்டிக்கொண்டு இதை வெட்டியிருந்தால் மீறல் என்ற வாதம் வலுவாக நிற்கும். "வழக்கு முடியட்டும்" என்பது இந்தச் சோதனைகளில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. அரசு தன் கடமையை வெளிநாட்டு நிதியத்தின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க விடாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்களுக்குப் பிடிக்காது. நிதியத்தின் மேல் நேரடியாக மனித உரிமை வழக்குப் போட, பெரும்பாலான நாடுகளில் இன்று வழியில்லை. நியூயார்க், லண்டன் நீதிமன்றங்கள் இதை ஒப்பந்த வழக்காகத்தான் பார்க்கும். கட்டினால் மக்கள் துன்பப்படுவார்கள் என்பது அங்கே தற்காப்பு வாதமாக ஏறுவதில்லை. பொருளாதார நெருக்கடி என்ற காரணம் காட்டித் தனியார் கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் கட்ட மறுக்கலாம் என்ற பொது விதி சர்வதேசச் சட்டத்தில் இல்லை என்று ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2007இல் அர்ஜென்டினா விவகாரத்தில் சொல்லிவிட்டது. வழக்குப் போடுவதற்கென்றே பிறருக்கு வர வேண்டிய கடனை விலைக்கு வாங்குவதைத் தடுக்கும் பழைய சட்டம் நியூயார்க்கில் இருந்தது. 2004இல் திருத்தி, 5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்படி வாங்கும் அரசுக் கடன் பெரும்பாலும் அந்த விலக்குக்குள் அடங்கிவிடும்.

இருந்தாலும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. பெல்ஜியத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றில் மிக நல்லது. வாங்கிய விலைக்கும் கேட்கும் தொகைக்கும் வெளிப்படையான ஏற்றத்தாழ்வு இருந்து, கூடவே அந்தச் சட்டம் அடுக்கும் நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்தினால், நிதியம் தான் வாங்கிய விலைக்கு மேல் ஒரு காசும் பெற முடியாது. வாங்கும்போதே நாடு கடன் தவறிய நிலையில் இருந்தது, நிதியம் வரி ஏய்ப்புப் புகலிடத்தில் பதிவானது, மறுசீரமைப்பில் சேர மறுத்தது என்பன அந்த நிபந்தனைகளில் சில. தொகையைக் கட்டினால் நாட்டின் பொதுநிதிக்கும் மக்களின் சமூக, பொருளாதார வளர்ச்சிக்கும் அளந்து காட்டக்கூடிய பாதிப்பு வரும் என்பதும் அவற்றில் ஒன்று. அளந்து காட்டக்கூடிய என்ற சொற்களைக் கவனியுங்கள். உங்கள் மருத்துவமனைக் கணக்குக்கு நீதிமன்றத்தில் நேரடி மதிப்புக் கிடைக்கும் இடம் அது. என்எம்எல் இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்காடியது. பெல்ஜிய அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல் சட்டத்தை நிலைநிறுத்தியது. யூரோகிளியர் பெல்ஜியத்தில் இருப்பதால் இதன் பலன் அந்நாட்டு எல்லையோடு நின்றுவிடுவதில்லை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் நல்லதுதான், வரம்பு குறுகல். கடன் சுமை மிகுந்த ஏழை நாடுகள் திட்டத்துக்குள் வரும் பழைய கடன்களை மட்டுமே அது காக்கும். சமீபத்தில் வெளியிட்ட பத்திரங்களுக்குப் பயன்படாது.

நியூயார்க்கிலேயே ஒரு நடைமுறை வழி உண்டு. வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்காமல், மறுசீரமைப்பு முடியும்வரை நிறுத்தி வைக்கக் கேட்பது. 2022 ஏப்ரலில் தவணையை நிறுத்திய இலங்கையின் மேல் ஹாமில்டன் ரிசர்வ் பேங்க் அந்த ஆண்டு ஜூனிலேயே வழக்குப் போட்டது. 100 கோடி டாலர் கொண்ட ஒரு பத்திர வரிசையில் 25 கோடிக்கு மேல் தன்னிடம் இருப்பதாகச் சொன்னது. அந்த வரிசையின் கூட்டு நடவடிக்கை விதி பழைய வகை. 75 சதவீதத்தினர் ஒத்துக்கொண்டால்தான் எல்லாரையும் கட்டும். கால் பங்குக்கு மேல் ஒருவர் கையில் இருந்தால் முட்டுக்கட்டை போட்டுவிடலாம். இலங்கை நிறுத்திவைப்புக் கேட்டது. பிரான்ஸும் பிரிட்டனும் அமெரிக்க அரசும் அதற்கு ஆதரவாக நீதிமன்றத்தில் எழுதின. 2023 நவம்பரில் நீதிமன்றம் வழக்கை நிறுத்தி வைத்தது, பிறகு நீட்டிக்கவும் செய்தது. உங்கள் அரசு இப்படி ஒரு மனுப் போட்டதா என்பதுதான் நீங்கள் நிதியமைச்சிடம் முதலில் கேட்க வேண்டியது. போடவில்லை என்றால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

இந்த விவரங்களையெல்லாம் அமைச்சு தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்க மத்திய நீதிமன்ற ஆவணங்கள் பேசர் என்ற இணையச் சேவையில் கிடைக்கும். பக்கத்துக்கு 10 சென்ட். ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் முடித்துக்கொண்டால் கட்டணமே கிடையாது. முதலில் வழக்கின் பதிவேட்டுப் பட்டியலை எடுங்கள், பிறகு வாதியின் மனு, அரசின் பதில், நிறுத்திவைப்பு மனு இருந்தால் அது. பத்திரத்தின் வெளியீட்டு ஆவணம், அது பட்டியலிடப்பட்ட பங்குச் சந்தையின் தளத்தில் பெரும்பாலும் இருக்கும். அதில் நான்கு இடங்களைப் படித்தால் போதும்: எந்த நாட்டுச் சட்டம், கூட்டு நடவடிக்கை விதி வரிசைக்கு வரிசையா அல்லது எல்லா வரிசைக்கும் சேர்த்தா, பாரி பாசு வாசகம், இறையாண்மை விலக்குரிமையை (வேறு நாட்டு நீதிமன்றத்தில் தன் மேல் வழக்குப் போட முடியாது என்ற அரசின் உரிமையை) விட்டுக்கொடுக்கும் பத்தி. 2014க்குப் பின் வந்த பத்திரங்கள் பலவற்றில் எல்லா வரிசையையும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு நடத்தும் விதி உண்டு. அப்படியானால் தனி நிதியம் முட்டுக்கட்டை போடுவது மிகக் கடினம்.

ஓர் எச்சரிக்கை. நியூயார்க்கிலும் இங்கிலாந்திலும் ஒப்பந்த வழக்குக்குக் கால வரம்பு பொதுவாக 6 ஆண்டுகள். பழைய கடன் ஒன்றை ஒப்புக்கொண்டு அதிகாரி ஒருவர் கடிதம் எழுதிவிட்டால், அந்தக் கடிகாரம் புதிதாக ஓடத் தொடங்கிவிடலாம். ஜாம்பியா மாட்டிக்கொண்டதும் 2003இல் போட்ட ஒரு சமரச ஒப்பந்தத்தில்தான். கடனை ஏற்று, விலக்குரிமையையும் அதில் விட்டுக்கொடுத்திருந்தார்கள். கடன் தொடர்பான எந்த ஒப்புகைக் கடிதமும் சட்டத் துறையின் பார்வைக்குப் போகாமல் வெளியே போகக் கூடாது என்று நாடாளுமன்றக் கணக்குக் குழுவில் கேளுங்கள். ஆப்பிரிக்க நாடாக இருந்தால், ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி ஏற்படுத்திய ஆப்பிரிக்கச் சட்ட ஆதரவு வசதி இந்த மாதிரி வழக்குகளில் அரசுக்கு வக்கீல் உதவி தருகிறது என்பதையும் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் பெரிய வேலை, கணக்கு. பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகை, கருவூலம் விடுவித்த தொகை, உண்மையில் செலவான தொகை என்று மூன்று எண்கள் உண்டு. பல அமைப்புகள் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "ஒதுக்கீடு குறையவில்லையே" என்று குழம்பிப்போகும். வெட்டு நடப்பது இரண்டாவது எண்ணில்தான், அதுவும் கடைசிக் காலாண்டில். டயாலிசிஸ் தலைப்புக்கு இந்த மூன்றையும் காலாண்டு வாரியாக எடுங்கள். தவணை நிறுத்துவதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் பிந்தைய ஆண்டுகளும் வேண்டும். விலையேற்றத்தைக் கழியுங்கள். நோயாளி எண்ணிக்கையால் வகுங்கள். பக்கத்தில் டயாலிசரின் டெண்டர் விலையை உள்நாட்டு நாணயத்திலும் டாலரிலும் எழுதுங்கள். டாலர் விலை மாறாமல் உள்நாட்டு விலை மட்டும் ஏறியிருந்தால் காரணம் நாணய மதிப்பு. டாலர் விலையே ஏறியிருந்தால் எல்.சி.யும் கடன் நம்பிக்கையும். இரண்டும் ஏறாமல் விடுவிப்பு மட்டும் குறைந்திருந்தால் அது அரசே செய்த தேர்வு. மூன்றுக்கும் பொறுப்பாளி வெவ்வேறு ஆள், போக வேண்டிய இடமும் வேறு. இதைப் பிரித்துக் காட்டும் மனுவை யாராலும் ஒரு வரியில் தள்ளிவிட முடியாது.

அதே தாளில் எதிர்ப்பக்கமும் வேண்டும்: மற்றக் கடன்களுக்கு, உள்நாட்டுக் கடனையும் சேர்த்து, அதே காலாண்டுகளில் எவ்வளவு வட்டி போனது, வக்கீல் நிறுவனங்களுக்கு எவ்வளவு போனது. சுகாதாரத்துக்கோ கல்விக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கு அதிகம் செலவிடும் நாடுகளில் 330 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்று ஐ.நா. வணிக வளர்ச்சி அமைப்பு 2023இல் கணக்கிட்டது. உங்கள் நாடு அந்தப் பட்டியலில் எங்கே நிற்கிறது என்பது உங்கள் தாளிலேயே தெரிந்துவிடும்.

இந்தத் தாளோடு எங்கே போவது? முதலில் உள்நாட்டு நீதிமன்றம். பொருளாதாரக் கொள்கையில் தலையிட மாட்டோம் என்று நீதிபதிகள் தயங்குவது உண்மைதான். ஆனாலும் போர்ச்சுகலின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2013இல் சிக்கன நடவடிக்கைகள் சிலவற்றை ரத்து செய்தது. இலங்கையின் உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில், பொருளாதார நெருக்கடிக்கு வழிவகுத்த முடிவுகளால் முன்னாள் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச உள்ளிட்டோர் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று 4க்கு 1 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. உங்கள் மனுவில் "கடன் கட்டாதே" என்று கேட்காதீர்கள். டயாலிசிஸ் பொருட்களுக்கான டாலரை முன்னுரிமையில் ஒதுக்க வேண்டும், காலாண்டு விடுவிப்பை வெளியிட வேண்டும், எந்த வெட்டுக்கும் முன் மனித உரிமைப் பாதிப்பு மதிப்பீடு செய்ய வேண்டும் என்று கேளுங்கள். நீதிபதியால் எழுதக்கூடிய ஆணையைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது ஐ.நா. வெளிநாட்டுக் கடனும் மனித உரிமையும் என்ற பொருளுக்கென்றே மனித உரிமைக் கவுன்சிலில் ஒரு சுயாதீன நிபுணர் இருக்கிறார். செபாஸ் லூமினா அந்தப் பொறுப்பில் இருந்தபோது உருவான வழிகாட்டு நெறிகளை 2012இல் கவுன்சில் ஏற்றுக்கொண்டது. 2014இல் கழுகு நிதியங்களைக் கண்டித்து 27/30 என்ற தீர்மானமும் நிறைவேறியது. இவை எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. ஆனால் நிபுணரால் உங்கள் அரசுக்கும், நிதியம் பதிவான நாட்டின் அரசுக்கும், நிதியத்துக்குமே கடிதம் எழுத முடியும். 60 நாளுக்குப் பிறகு அந்தக் கடிதமும் வந்த பதிலும் பகிரங்கமாகும். பெயர் வெளியே வருவதை விரும்பாத நிதியங்களுக்கு இது உறைக்கும். அனுப்பும் மனு மூன்று நான்கு பக்கத்துக்குள் இருக்கட்டும்: என்ன நடந்தது, எப்போது, யாருக்கு, எந்த ஆவணம். நோயாளிகளின் பெயரை அவர்கள் சம்மதம் இல்லாமல் சேர்க்காதீர்கள்.

பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் விருப்பநெறிமுறை என்ற துணை ஒப்பந்தத்தையும் உங்கள் நாடு ஏற்றிருந்தால் தனிநபர் முறையீடும் செய்யலாம். அது 2013 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உள்நாட்டு வழிகள் தீர்ந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத் திரும்பி வந்தவை உண்டு. உங்கள் நாட்டின் அறிக்கை அந்தக் குழுவின் முன் பரிசீலனைக்கு வரும் ஆண்டு எது என்று பார்த்து, அப்போது உங்கள் குழுவின் சார்பில் இணை அறிக்கை கொடுப்பது இதைவிட எளிது. நிதியம் பதிவான நாட்டில் நிறுவனங்கள் மேலான புகாரைக் கேட்கும் ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) தேசியத் தொடர்பு மையம் இருந்தால் அங்கேயும் புகார் செய்யலாம். கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

கடைசியாக, கடனே செல்லாது என்ற வாதம். மக்களுக்குப் பயன்படாத கடன் என்று காட்டி நியூயார்க்கிலோ லண்டனிலோ தப்பிக்க முடியும் என்று நம்பிவிடாதீர்கள். உள்நாட்டுச் சட்டம் மீறப்பட்டது என்பதும் எப்போதும் எடுபடாது. ரஷ்யாவிடம் வாங்கிய கடன் பற்றிய உக்ரைன் வழக்கில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2023இல், அங்கீகரிக்கப்பட்ட ஒரு நாட்டுக்குக் கடன் வாங்கும் தகுதி அந்நாட்டு உள்விதிகளால் குறைந்துவிடாது என்றது. வற்புறுத்தல் என்ற வாதத்தை மட்டும் விசாரணைக்கு விட்டது. லஞ்சம் நிரூபணமானால் நிலைமை வேறு. மொசாம்பிக்கில் நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் சுமார் 200 கோடி டாலருக்கு அரசு உத்தரவாதம் கொடுத்த விவகாரத்தில், லண்டன் நீதிமன்றம் 2024இல் பிரிவின்வெஸ்ட் என்ற கப்பல் கட்டும் குழுமத்துக்கு எதிராக மொசாம்பிக்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த நாட்டுக்கு உதவியது ஆவணங்கள்: யார் கையெழுத்து, யாருக்குப் பணம் போனது. உங்கள் நாட்டிலும் கடன் ஒப்பந்தத்தின் நகல், நாடாளுமன்ற ஒப்புதலின் நகல், பணம் வந்த கணக்கின் விவரம் ஆகிய மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே கேட்டு வையுங்கள். மறுத்தால் அந்த மறுப்பின் தேதியிட்ட நகல் உங்கள் மனுவின் முதல் இணைப்பாகப் போகட்டும்.

பத்திரத்தின் வெளியீட்டு ஆண்டும் வழக்கு எண்ணும் கிடைத்ததும் எழுதுங்கள். கூட்டு நடவடிக்கை விதி எந்த வகை என்று தெரிந்துவிட்டால், நிறுத்திவைப்பு மனுவுக்கு உங்கள் காலாண்டுத் தாளை எந்த வடிவில் இணைக்கலாம் என்று சொல்கிறேன்.